சாண்பத்து முதல் டோனாவூர் வரை: தேரிக்காட்டுச் சேகரங்களின் ஊர்ப்பெயர்கள்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு 1923ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இருப்புப்பாதையில், ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டியதும் ஆழ்வார்திருநகரி, நாசரேத், கச்சனாவிளை, குரும்பூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் என்று நிலையங்கள் வரிசையாக வருகின்றன. வைணவ ஆழ்வார் ஒருவரின் ஊருக்கு அடுத்த நிலையம் இயேசு வளர்ந்த கலிலேயா நாட்டு ஊரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதற்கடுத்தது ஒரு தோட்ட நிலத்தின் பெயர். பின்னர் ஏரியின் பெயராகப் பிரித்துணரத்தக்க ஒன்றும், கழிமுகத் துறைமுகம் ஒன்றின் பெயரும் வருகின்றன. ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இத்தனை வகைப் பெயர்கள் அடுத்தடுத்து அமைந்ததற்குக் காரணம் என்ன என்பதே இந்த ஆய்வின் வினா. தூத்துக்குடி மாவட்டத்தின் தெற்குப் பகுதியையும், திருநெல்வேலி மாவட்டத்தில் அதனை ஒட்டியுள்ள சில ஊர்களையும் மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். இவ்வூர்களின் சீர்திருத்தச் சபையினர் (புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்) ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுதியைச் ‘சேகரம்’ என்று அழைப்பர். அந்தச் சேகரங்கள் உருவான வரலாற்றோடு ஊர்ப்பெயர்களின் வரலாறும் பின்னிக் கிடப்பதால், ஒன்றை விட்டு மற்றொன்றை விளக்க இயலாது.

இப்பகுதியின் பெயர்மாற்றங்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் எளிமையானது. மக்கள் கிறிஸ்தவத்தைத் தழுவினர், குருமார் பழைய பெயர்களை அகற்றிவிட்டு வேதாகமப் பெயர்களைச் சூட்டினர் என்பதே அது. பெருமையாகச் சொல்வோரும் குறையாகச் சொல்வோரும் இவ்விளக்கத்தில் ஒன்றுபடுகின்றனர். ஆனால் ஊர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் பாதி இடங்களில்கூட இது பொருந்துவதில்லை. சமயத்தைக் காட்டிலும் நிலமே பெயரைத் தீர்மானித்திருக்கிறது என்பது என் முடிவு. யார் நிலத்தை வாங்கினார், யாருடைய பணத்தில் வாங்கினார், வாங்கிய இடத்தில் ஏற்கெனவே குடியிருப்பு இருந்ததா, வெளியூரார் அதை என்ன பெயரால் அறிந்திருந்தனர் என்னும் கேள்விகளுக்கு விடை தெரிந்தால், பெயர் மாறியதா இல்லையா என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

மண்ணின் பெயர்கள்

முதலில் பழைய அடுக்கைக் காண வேண்டும். இது செம்மணல் மேடுகளின் நாடு. இம்மேடுகளைத் தேரி என்பர். தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் மணல் இடம்பெயரும். பனையும் உடைமரமும் தவிர மற்ற மரங்கள் எளிதில் நிற்பதில்லை. இத்தகைய நிலத்தில் எங்கே நீர் தேங்குகிறது, எங்கே தோட்டம் போட முடிகிறது என்பவையே இடத்தை இடத்திலிருந்து பிரித்தறியும் அடையாளங்களாகும். எனவே குளம், ஏரி, விளை என்று முடியும் பெயர்கள் மிகுந்திருப்பதில் வியப்பில்லை. நஞ்சை அல்லாத, பனையோ வேறு மரங்களோ நிற்கும் தோட்ட நிலத்தை இவ்வட்டாரத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் ‘விளை’ என்று வழங்குவர். நெடுவிளை, பண்ணைவிளை, வெள்ளாளன்விளை, கச்சனாவிளை ஆகியவை தொடக்கத்தில் ஊர்ப்பெயர்களாக அன்றித் தோட்டங்களின் பெயர்களாகவே இருந்திருக்க வேண்டும். பின்னர் தோட்டத்தில் குடிசைகள் தோன்றி, குடிசைகள் தெருவாகி, தோட்டத்தின் பெயரே ஊருக்கு நிலைத்துவிட்டது.

மரங்களும் இப்படியே ஊர்களாயின. குரும்பூருக்கு அருகில் உள்ள நாலுமாவடியில் நான்கு மாமரங்களின் அடியும், கடற்கரையில் உள்ள பெரியதாழையில் தாழையும், தாமிரபரணி கடலோடு கலக்குமிடத்தில் உள்ள புன்னைக்காயலில் புன்னையும் தெளிவாகவே தெரிகின்றன. ‘குறிச்சி’ என்பதை நிகண்டுகள் குறிஞ்சி நிலத்து ஊர் என்று சொன்னாலும், மலையே இல்லாத மணற்காட்டில் பரமன்குறிச்சி இருக்கிறது. எனவே வழக்கில் அச்சொல் சிற்றூர் என்னும் பொதுப்பொருளுக்கு நெடுங்காலத்துக்கு முன்பே வந்துவிட்டது எனலாம்.

சற்று நின்று பார்க்க வேண்டியது ‘பத்து’ என்னும் முடிவு. இன்றைய நாசரேத்தின் பழைய பெயராகச் சொல்லப்படுவது சாண்பத்து. சாத்தான்குளத்துக்குத் தெற்கே படுக்கப்பத்து இருக்கிறது. எண்ணுப்பெயராகக் கொண்டால் இவற்றுக்குப் பொருள் கூறுவது கடினம். காற்று என்பது காத்து என்றும், சோற்றுப்பானை என்பது சோத்துப்பானை என்றும் பேச்சில் திரியும் வட்டாரம் இது. ஆகவே ‘பற்று’ என்பதே ‘பத்து’ ஆயிற்று என்று கொள்வது ஒலிநிலையிலும் பொருள்நிலையிலும் பொருந்துகிறது. பற்று என்பது ஒருவர் அல்லது ஒரு குழுவினர் வைத்திருக்கும் நிலத்தையும், அதன்வழி வருவாய்ப் பிரிவையும் குறிக்கும் பழஞ்சொல். ஈழத்தில் அது இன்றும் நிருவாகப் பிரிவுகளின் பெயர்களில் உயிரோடு இருக்கிறது. இவ்விளக்கம் சரியெனில், சாண்பத்து என்னும் பெயர் தொடக்கத்திலிருந்தே நில உடைமையைப் பற்றியதாகிறது.

சாத்தான்குளம் ஏன் மாறவில்லை

பொது விளக்கத்தைச் சோதிக்க மிகச் சிறந்த ஊர் சாத்தான்குளம். தமிழ் வேதாகமத்தில் பிசாசின் தலைவனுக்குச் ‘சாத்தான்’ என்றே பெயர். வாரந்தோறும் ஆலயத்தில் சாத்தானை வெறுக்கும்படி கேட்கும் மக்கள், அதே ஒலியுடைய ஊரில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து, அதன் பெயரிலேயே தங்கள் சேகரத்தையும் வைத்திருக்கின்றனர். வேற்று மாவட்டத்தார் இப்பெயரை முதன்முறை கேட்கும்போது நகைப்பதும், உள்ளூரார் அதைப் பொருட்படுத்தாததும் வழக்கமாகிவிட்டன.

இப்பெயருக்கும் வேதாகமத்துக்கும் தொடர்பு கிடையாது. சாத்தன் என்பது சங்க காலம் தொட்டுத் தமிழர் மக்கட்பெயராக வைத்த சொல். சீத்தலைச் சாத்தனாரின் பெயரில் உள்ளதும் அதுவே. ஐயனாரைச் சாத்தன் என்றும் சாஸ்தா என்றும் வழிபடும் மரபு தாமிரபரணிக் கரையில் இன்றும் வலுவானது, பங்குனி உத்திரத்தன்று தத்தம் குலத்தின் சாஸ்தா கோயிலைத் தேடிச் செல்வது இம்மாவட்டங்களின் தனி வழக்கம். அந்தத் தெய்வத்தின் பெயரையோ, அப்பெயருடைய ஒருவரின் பெயரையோ தாங்கிய குளமே சாத்தான்குளம். எபிரேய மொழியிலிருந்து வந்த சொல் தமிழ் வேதாகமத்தில் அதே வடிவத்தை அடைந்தது தற்செயலே.

பெயர்மாற்றத்துக்குச் சமயமே காரணம் என்றால், முதலில் மாற்றப்பட்டிருக்க வேண்டியது இந்தப் பெயர்தான். அது மாறாததற்குக் காரணம் எளிது. சாத்தான்குளம் பல சாதியாரும் பல சமயத்தாரும் கூடிய சந்தை ஊர். அதன் நிலத்தை எந்தச் சபையும் மொத்தமாக வாங்கவில்லை. எந்தக் குருவானவரும் அங்கே புதிதாகத் தெருவளந்து மக்களைக் குடியேற்றவில்லை. பெயர் சூட்டும் உரிமை யாருடைய கையிலும் இல்லாத இடத்தில் பழைய பெயர் அப்படியே நின்றுவிட்டது.

விலைக்கு வாங்கிய நிலம்

மாறிய ஊர்களுக்கு வருவோம். இவற்றுள் காலத்தால் முந்தியது 1799ஆம் ஆண்டில் உருவான முதலூர். வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட ஆண்டும் அதுவே. பாளையக்காரர் போரால் நாடு கலங்கியிருந்த அக்காலத்தில், புதிதாகச் சமயம் மாறியவர்கள் தம் சொந்த ஊர்களில் உறவினராலும் நிலக்கிழார்களாலும் துன்புறுத்தப்பட்டனர். அவர்களுள் ஒருவரும், அவர்களுக்கு உபதேசியாராக இருந்தவருமான டேவிட் சுந்தரானந்தம், தனியாக ஒரு நிலத்தை வாங்கி அதில் அவர்களைக் குடியேற்றும் வழியைத் தேர்ந்தெடுத்தார். அவ்வாறு உருவானதே முதலூர். கிறிஸ்தவர்களுக்கென்று அமைந்த முதல் ஊர் என்பது அப்பெயரின் கருத்து.

இப்பெயரில் இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. ஒன்று, இத்தொடரின் முதற்பெயரில் வேதாகமச் சொல்லோ புனிதர் பெயரோ கிடையாது, வரிசையைக் குறிக்கும் தமிழ்ச்சொல்லும் ‘ஊர்’ என்பதும் மட்டுமே உள்ளன. இன்னொன்று, ‘முதல்’ என்பது சீர்திருத்தச் சபையாரின் கணக்குப்படி முதல். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்து இறங்கிய மணப்பாடு இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. முத்துக்குளித்துறையின் கத்தோலிக்கப் பரதவ ஊர்கள் முதலூருக்கு இரண்டரை நூற்றாண்டு முற்பட்டவை. ஆயினும் அவ்வூர்களில் மணப்பாடு, பெரியதாழை, புன்னைக்காயல் போன்ற பழம்பெயர்கள் மாறாமல் இருப்பது நம் முடிவுக்கு இன்னொரு சான்று. பரதவர் தாம் வாழ்ந்த கரையிலேயே கூட்டமாகச் சமயம் மாறினர். ஊர் இடம்பெயரவில்லை, ஆதலால் பெயருக்கும் அசைவில்லை. முதலூரார் ஊரை விட்டு வெளியேறியவர்கள். அவர்கள் சென்று சேர்ந்த இடத்துக்குப் பெயர் ஒன்று தேவைப்பட்டது. (இன்று முதலூர் என்றதும் வெளியூராருக்கு நினைவுக்கு வருவது தேங்காய்ப்பாலில் கிண்டும் மஸ்கோத் அல்வாவே என்பது வேறு கதை.)

அடுத்த வகை, பணம் கொடுத்தவரின் பெயரைத் தாங்கியது. பாளையங்கோட்டையைச் சேர்ந்த சாமுவேல் சாயர் என்பவர் 1814இல் கிறிஸ்தவர்களுக்காக வாங்கிய நிலமே சாயர்புரம். பின்னர் திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்த ஜி. யு. போப் 1842இல் இவ்வூரில் தங்கிப் பள்ளி வளர்த்தார், ஆனாலும் ஊர்ப்பெயர் நிலம் வாங்கியவருக்கே உரியதாக நீடித்தது. வரலாறு அறியாத ஒருவர் இப்பெயரைச் சாயத் தொழிலோடு இணைத்துப் பொருள் கொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது, அவ்வளவு இயல்பாக அது தமிழோடு ஒட்டிவிட்டது.

இந்த ஒட்டுதலின் உச்சம் டோனாவூர். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், களக்காட்டுக்கு அருகில் புலியூர்க்குறிச்சி என்று அறியப்பட்ட இடத்தை, பிரஷ்யாவின் டோனா பிரபு அனுப்பிய பொருளுதவியைக் கொண்டு 1827ஆம் ஆண்டு வாக்கில் ஜெர்மானியக் குருவானவரான ரேனியஸ் ஐயர் வாங்கினார். ஊருக்குக் கொடையாளியின் பெயர் இடப்பட்டது. ‘டோனா’ என்னும் ஜெர்மானியக் குடும்பப் பெயர் ‘ஊர்’ என்னும் சொல்லோடு சேர்ந்தபோது, ஆகார ஈற்றின்பின் உயிர் வந்தால் வகர உடம்படுமெய் தோன்றும் என்ற நன்னூல் விதி அப்படியே செயல்பட்டு ‘டோனாவூர்’ ஆயிற்று. பெயர் வைத்தவர் இலக்கணம் பார்த்துச் செய்தாரா, மக்களின் நாக்கு தானாகச் செய்ததா என்று கேட்க வேண்டியதில்லை, இரண்டும் ஒரே முடிவைத்தான் தரும். 1901 முதல் ஏமி கார்மைக்கேல் அம்மையார் அங்கே நடத்திய குழந்தைகள் இல்லத்தால் இப்பெயர் உலகின் பல மூலைகளில் அறியப்பட்டது, ஆனால் மூலத்தில் இருந்த பிரபுவை இன்று எவரும் நினைப்பதில்லை.

இவ்வகை நில வாங்கலை ஒழுங்கான முறையாக்கியவரும் ரேனியஸே. 1830இல் அவர் தொடங்கிய தர்ம சங்கத்தின் நோக்கமே, நிலக்கிழாரின் தயவில் குடியிருந்த கிறிஸ்தவர்களுக்காக மனையும் நிலமும் வாங்கித் தனி ஊர்களை அமைப்பதுதான். குடிசை இருக்கும் மனை மற்றவருக்குச் சொந்தமானால், சமயம் மாறிய மறுநாளே குடியிருப்பவரை வெளியேற்றிவிடலாம் என்பது அன்றைய நிலைமை. எனவே அக்காலத்துக் குருமாருக்கு ஊர் அமைப்பது ஊழியத்தின் பகுதியாகவே இருந்தது. கடாட்சபுரம், சுவிசேஷபுரம், ஆனந்தபுரம், ஆசீர்வாதபுரம், அன்பின்நகரம் என்று இப்பகுதியில் காணும் பெயர்க் குடும்பத்தை இந்தப் பின்னணியில் வைத்தே படிக்க வேண்டும்.

இந்தப் பெயர்களின் சொற்களை உற்று நோக்கினால், சுவிசேஷம் என்ற ஒன்றைத் தவிர எதுவும் கிறிஸ்தவத்துக்கு மட்டும் உரியதன்று. கடாட்சம், ஆனந்தம், ஆசீர்வாதம் ஆகியவை சைவ, வைணவப் பெரியோர் நாள்தோறும் வழங்கிய சொற்கள். ‘புரம்’ என்னும் முடிவும் குருமார் கொண்டுவந்ததன்று. பக்கத்திலேயே சண்முகபுரமும் சுப்பிரமணியபுரமும் இருக்கின்றன. புதிதாகக் கட்டமைத்த குடியிருப்புக்குப் புரம் என்று பெயரிடுவது அன்றைய நாட்டு வழக்கம், யார் அமைத்தாலும் அப்படித்தான் பெயரிட்டிருப்பர்.

நாசரேத்தும் குருகூரும்

மேற்சொன்ன எல்லாவற்றிலிருந்தும் நாசரேத் வேறுபட்டு நிற்கிறது. புரமோ ஊரோ நகரமோ சேராமல், வேதாகமப் பெயர் தனித்தே ஊர்ப்பெயரான இடம் அது. யோவான் நற்செய்தியின் தமிழ்ப் பெயர்ப்புகூட இயேசுவை ‘நாசரேத்தூரான்’ என்று ஊரைச் சேர்த்தே சொல்கிறது, தேரிக்காட்டார் அதையும் கழித்துவிட்டனர். சாண்பத்து நாசரேத்தானது 19ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், முதலூரை உருவாக்கிய அதே இயக்கத்தின் தொடர்ச்சியாக நடந்தது. அப்பெயர் வெறும் சபைப் பெயராக நின்றுவிடாமல் ஊர்ப்பெயராக வேரூன்றியதற்கு, 1876இல் வந்து 1908இல் இறக்கும் வரை அங்கேயே பணியாற்றிய மர்காஷிஸ் ஐயரின் மருத்துவமனையும் பள்ளிகளும் தொழிற்கல்வி நிலையமும் பெரிதும் உதவின. வெளியூரார் மருந்துக்கும் படிப்புக்கும் வந்து போன ஊருக்கு, அவர்கள் சொல்லிச் சென்ற பெயரே நிலைத்தது. பின்னர் ரயில் நிலையப் பலகையில் ஏறிய அப்பெயர், 2003இல் திருநெல்வேலித் திருமண்டலத்திலிருந்து (பேராயர் ஒருவரின் பொறுப்பில் உள்ள பகுதியே திருமண்டலம்) புதிய திருமண்டலம் பிரிந்தபோது ‘தூத்துக்குடி – நாசரேத்’ என்று அதன் பெயரிலும் இடம்பெற்றது.

இதைக் காலனிய ஆட்சிக்கு மட்டும் உரிய செயலாகக் காண்பவர், ரயிலில் ஒரு நிலையம் பின்னால் செல்ல வேண்டும். ஆழ்வார்திருநகரியின் பழம்பெயர் குருகூர். நம்மாழ்வார் தம் பாசுரங்களில் தம்மைக் குருகூர்ச் சடகோபன் என்றே குறிப்பிடுகிறார். அவர் வழிபாட்டுக்கு உரியவரான பின்னர், அவருடைய திருநகரி என்னும் பெயர் பழம்பெயரின்மேல் படிந்து, இன்று வழக்கில் அதுவே ஊர்ப்பெயராகிவிட்டது. பக்தியின் பெயரால் ஊர்ப்பெயர் மாறும் மரபு ஆற்றங்கரையில் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது, சாண்பத்து அதன் வழியிலேயே சென்றது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. குருகூரைப் பாசுரம் காப்பாற்றி வைத்திருக்கிறது, சாண்பத்தைக் காப்பாற்ற அப்படி ஒரு பாடல் இல்லை.

மாறாதவையும், விதிக்கு அடங்காத ஒன்றும்

சபை வலுவாக இருந்தும் பெயர் மாறாத ஊர்களுள் முதலிடம் இடையன்குடிக்கு. 1841இல் வந்த கால்டுவெல், ஏறத்தாழ அரை நூற்றாண்டு அவ்வூரையே தம் ஊராகக் கொண்டார். தெருக்களை நேராக வகுத்தார். ஊர் நடுவே எழுப்பிய பெரிய ஆலயம் 1880இல் திறக்கப்பட்டது. 1891இல் கோடைக்கானலில் இறந்த அவரது உடல் அந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டது. ஊரின் அமைப்பையே மாற்றியமைத்த அவர் பெயரை மட்டும் தொடவில்லை. ஆடுமாடு மேய்ப்போரின் குடியிருப்பு என்று பொருள்படும் பெயர், பனையேறிகள் பெரும்பான்மையாக வாழ்ந்த ஊருக்கு அப்படியே தொடர்ந்தது. அவர் வருவதற்கு முன்பே அங்கே மக்களும் சபையும் இருந்தனர், பெயரும் நிலைபெற்றிருந்தது என்பதே இதற்குத் தக்க விளக்கம். சொற்களின் வரலாற்றில் வாழ்நாளைச் செலவிட்டவருக்கு ஒரு பழம்பெயரை அழிக்க மனம் வந்திருக்காது என்றும் எண்ணத் தோன்றுகிறது, ஆனால் அது என் ஊகமே.

வெள்ளாளன்விளை இன்னும் நுட்பமான சான்று. ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக 1912இல் உயர்ந்த வி. எஸ். அசரியா 1874இல் பிறந்த ஊர் அது. அங்கே சபையாக வாழ்ந்தவர்கள் வெள்ளாளர் அல்லர். தோட்டம் எப்போதோ யாருக்குரியதாக இருந்ததோ அவரது சாதிப் பெயரை ஊர் சுமந்துகொண்டிருக்கிறது. ஒரு விளையின் உடைமையாளர் போய்ப் பல தலைமுறைகளுக்குப் பின்னும் பெயர் போகவில்லை. பண்ணைவிளையும் சபைக்கு முக்கியமான நிலையமாக இருந்து பெயர் மாறாதது, டோனாவூருக்குச் செல்லும்முன் ஏமி கார்மைக்கேல் சில காலம் தங்கியிருந்ததும் அங்கேதான்.

இவ்விரண்டு விளைகளும் மாறாமலிருக்க, மூன்றாவது விளையான நெடுவிளை மட்டும் மெய்ஞ்ஞானபுரமாக மாறியதே இந்த ஆய்வில் என் விளக்கத்துக்கு முழுமையாக அடங்காத நிகழ்வு. வேல்ஸ் நாட்டவரான ஜான் தாமஸ் ஐயர் 1830களின் கடைசியில் அங்கே வந்து, மணற்காட்டில் கிணறுகள் வெட்டித் தோட்டம் வளர்த்து, 192 அடி உயரக் கோபுரம் கொண்ட தூய பவுலின் ஆலயத்தை எழுப்பி, 1870இல் அங்கேயே இறந்தார். ஆலயமும் கிணறும் பெயர்மாற்றத்துக்குக் காரணம் என்றால் இடையன்குடியும் மாறியிருக்க வேண்டும். கொடையாளியின் பெயரும் இங்கே இல்லை. பெயரிலுள்ள மெய்ஞ்ஞானம் சித்தர்களும் சைவர்களும் வழங்கிய சொல், சீர்திருத்தச் சபையார் ஞானஸ்நானம், ஞானப்பாட்டு என்று ஞானத்தைத் தமதாக்கிக்கொண்ட அதே போக்கில் அமைந்தது. சொல்லின் வரலாறு தெளிவாக இருந்தும், அந்த விளைக்கு மட்டும் ஏன் என்பதைச் சொல் விளக்கவில்லை.

ஊர்ப்பெயர்களின் ஒலித்தேய்வு மட்டும் இங்கும் விதிவிலக்கின்றி நடந்திருக்கிறது. மெய்ஞ்ஞானபுரம் இன்று பலகைகளில் மெஞ்ஞானபுரமாக யகரத்தை இழந்து நிற்கிறது. இத்தகைய இடங்களில் அடுத்துப் பார்க்க வேண்டியவை பழைய கிரயப் பத்திரங்களும் சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளுமே. பத்திரம் எழுதுவோர் ஊருக்கு இரண்டு பெயர் இருந்தால் ‘என்கிற’ போட்டு இரண்டையும் எழுதுவதும், நிலத்தின் நான்கெல்லைகளைப் பழைய விளைகளின் பெயராலேயே குறிப்பதும் தமிழ்நாடெங்கும் உள்ள வழக்கம். பதிவேட்டில் புதுப்பெயர் தோன்றும் ஆண்டையும் பத்திரத்திலிருந்து பழம்பெயர் மறையும் ஆண்டையும் அருகருகே வைத்தால், நெடுவிளையில் நிலம் கைமாறியது முந்தியதா, பெயர் மாறியது முந்தியதா என்று தெரிந்துவிடும்.